செல்லம்மா வீட்டுக் கனெக்‌ஷன்

ஒருவர் உயிரோடு இருந்தால் யாருக்கெல்லாம் இயல்பாக அவரைப் பற்றிச் சேதி வந்திருக்குமோ, அவர்களுக்கு ஏழு ஆண்டுகளாக ஒரு சேதியும் வராமல் போனால், அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம். சாட்சியச் சட்டத்தில் உள்ள விதி இது. எழுதியவர் தெளிவான மனிதராக இருந்திருக்க வேண்டும். கடலோரத்தில் குடியிருந்தவராக இருக்க முடியாது. சேதி எந்த வழியாக வரவேண்டும், வந்தது சேதிதான் என்று யார் தீர்மானிப்பது என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. விதியில் எழுதாமல் விட்ட இடத்தில்தான் மனிதர்கள் வந்து பாய் விரித்து உட்கார்ந்துகொள்கிறார்கள். இது என் சர்வீஸ் முழுவதும் பார்த்தது.

இந்த விதி இப்போது நினைவுக்கு வரக் காரணம் கேஸ் ஏஜென்சிப் பெண். போன வாரம் கூப்பிட்டாள்.

"அங்கிள், உங்க கேஸ் கனெக்‌ஷன் ஒரு லேடி பேர்ல இருக்கு. அவங்க நேர்ல வந்து கைரேகை வைக்கணும்."

"அவங்களால வர முடியாதும்மா."

"ஏன், மெயின்லாண்ட் போயிருக்காங்களா?"

"அதுக்கும் கொஞ்சம் தள்ளி" என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு மெல்லிய குரலில், இறப்புச் சான்றிதழும் ஒரு விண்ணப்பமும் கொடுத்தால் போதும், பெயர் மாற்றம் பத்து நிமிட வேலை என்றாள். எனக்குத் தெரியாதா? சான்றிதழ் அலமாரியில் இருக்கிறது, மூன்று நகல்களோடு, சான்றொப்பமும் வாங்கி. அந்தமானில், இந்தக் கராச்சர்மாவில், எங்கள் தெருவில் யாருக்கு என்ன விண்ணப்பம் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். என் வீட்டு விண்ணப்பம் மட்டும் பதினொரு மாதமாக நிரப்பாமல் கிடக்கிறது. சிலிண்டருக்குப் பதிவு செய்யும்போதெல்லாம் என் மனைவி பெயரைப் போட்டு, உங்கள் சிலிண்டர் புறப்பட்டுவிட்டது என்று கைப்பேசியில் செய்தி வரும். படித்துவிட்டு வாசல் கதவைத் திறந்து வைப்பேன்.

இந்த ஊரில் பெங்காலிக்கும் தெலுங்குக்காரருக்கும் மலையாளிக்கும் நமக்கும் பொதுமொழி இந்தி என்பார்கள். என்னைக் கேட்டால் பொதுச்சொல் ஒன்று உண்டு, அது கனெக்‌ஷன் என்பேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை இருமும் தண்ணீர்க் குழாய்க்கும் அதுதான் பெயர். சென்னையில் இறங்கி மதுரை விமானத்தைப் பிடிப்பதற்குள் அது பறந்துவிட்டால் "கனெக்‌ஷன் மிஸ் ஆயிருச்சு." மாற்றல் உத்தரவை ரத்து செய்ய மேலே கனெக்‌ஷன் வேண்டும். ஹேடோ குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது, மாடியில் ஒரு பெண் துணி உலர்த்தும் நேரமும் எதிர்வீட்டு கிளார்க் பல் துலக்கும் நேரமும் நான்கு நாள் ஒத்துப்போனால் என் மனைவி அதற்கும் அதே பெயர் வைப்பாள். இலாகா கொடுத்த கனெக்‌ஷன்களைவிட அவள் கண்டுபிடித்தவை அதிகம், பழுதும் குறைவு. என் பங்குக்கு நானும் 'இன் திஸ் கனெக்‌ஷன்' என்று ஆரம்பிக்காமல் ஓர் ஆங்கிலக் கடிதம் எழுதியதில்லை. எந்தக் கனெக்‌ஷனில் என்று ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை.

அந்தப் பெண் போனை வைத்ததும் அடுப்படிக்குப் போய்க் குமிழைச் சரிபார்த்தேன். லேசாக வாடை. கேஸுக்குச் சொந்த வாடை கிடையாது, ஆபத்து தெரியட்டும் என்று சேர்க்கிறார்கள். அந்த வாடையிலிருந்து எனக்கு எப்போதும் இன்னொரு வாடை வரும்: மண்ணெண்ணெய் ஊது விளக்கும் உருகிய மெழுகும். டெலிபோன் கேபிளின் ஜாயின்ட்டை மழைக்காட்டுக்கு நடுவே பிரித்துக் கட்டும்போது வருகிற வாடை. நான் அப்போது ஃபோன் இன்ஸ்பெக்டர். பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். ஜீப்பின் முன் இருக்கையில் உட்கார்ந்து, கம்பத்தில் ஏறுகிறவரைக் கீழிருந்து பார்ப்பதுதான் உத்தியோகம். ஏறுகிறவர் பிஸ்வாஸ், என்னைவிட மூத்த பெங்காலி லைன்மேன்.

அப்படித்தான் ஒரு நாள் சௌல்தாரி கிராமத்துக்குப் போனோம். புகார் கொடுத்தவன் சேகர் என்ற வாலிபன். புகார்: "போன் தானாக ரிங் அடிக்கிறது."

அந்தப் போன் அவன் அப்பா சுப்பையா பெயரில் இருந்தது. சுப்பையா நிக்கோபார் தீவுகளுக்குச் சாமான் ஏற்றிப் போகும் ஒரு தனியார் கப்பலில் வேலை பார்த்தவர். ஆறு வருடத்துக்கு முன் ஒரு பயணத்தில், மாலை ஆள் எண்ணும்போது ஒருவர் குறைந்தார். துவைத்த சட்டை கயிற்றில் ஈரத்தோடு இருந்தது. செருப்பு ஜோடியாக இருந்தது. ஆள் இல்லை. கப்பல் திரும்பி அரைநாள் சுற்றித் தேடியது. கப்பல் பதிவேட்டில் 'காணவில்லை' என்று எழுதி மூடினார்கள்.

அவர் மனைவிதான் செல்லம்மா. இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்து, ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, பிறகு தீவுக்கு வந்து ரப்பர் வெட்டி, கல்யாணத்துக்குப் பிறகு சௌல்தாரியில் பாக்குத் தோட்டத்தோடு குடியேறியவர். அதிகாரி யாராக இருந்தாலும் அவருக்குத் துரைதான்.

"வாங்க தொரை, உக்காருங்க. இந்தப் பய சொல்றத எழுதிக்காதீங்க" என்றார் எடுத்த எடுப்பில்.

"எத்தனை ரிங் வருது?"

"ரெண்டு. எப்பவும் ரெண்டுதான். மூணாவது வந்ததே இல்ல."

சங்கதி இதுதான். சுப்பையா இருந்த காலத்தில், கப்பல் ஹேடோ துறைமுக ஜெட்டியில் கட்டியதும் ஜெட்டி வாசலில் இருந்த போன் பூத்திலிருந்து வீட்டுக்குக் கூப்பிடுவார். இரண்டு ரிங் போனதும் வைத்துவிடுவார். வந்துவிட்டேன், உலை வை என்று பொருள். காசு ஆகாது. அன்றைக்குப் பாதி தீவு இப்படித்தான் பேசிக்கொண்டது. எங்கள் இலாகாவுக்குத் தெரிந்தே நடந்த திருட்டு. அவர் காணாமல் போன அடுத்த மழைக்காலத்திலிருந்து, அந்தக் கப்பல் ஹேடோவில் வந்து கட்டுகிற நாளில், பகலில், இரண்டு ரிங் வருகிறது.

"எடுத்துப் பாத்தீங்களா?"

"எதுக்கு எடுக்கணும்? எடுக்கக் கூடாதுங்கிறதுதானே எங்க பேச்சு. அவரு பேச்சு மாறல. நான் மாறலாமா?"

சேகர் தலையில் அடித்துக்கொண்டான். "சார், அன்னிக்கெல்லாம் அப்பா பங்குக்கும் அரிசி போடுது. மறுநாள் அதை நான்தான் பழைய சோறா திங்கணும். செத்தவன் சோத்தைத் தின்னு தின்னு என் ஆயுசு கொறையுது."

"வாயக் கழுவுடா. செத்தவனாம். போன வாட்டி வந்த சேதி இன்னைக்குப் பொய்யாயிருமா?"

அவன் அவசரம் எனக்குப் புரிந்தது. நிலம் அப்பா பெயரில். ஏழாவது வருடம் முடியப் போகிறது. அம்மா ஒரு சத்தியப் பிரமாணத்தில் 'ஏழு ஆண்டுகளாகச் சேதி இல்லை' என்று கையெழுத்துப் போட்டால் சான்றிதழ் கிடைக்கும். நிலத்தை மாற்றலாம், விற்கலாம், மெயின்லாண்ட் போய்ச் சேரலாம். செல்லம்மா போட மாட்டேன் என்கிறார். "மாசத்துக்கு ரெண்டு வாட்டி சேதி வருது. வரலைன்னு எப்படிச் சத்தியம் பண்றது? எனக்கு நரகம், உனக்கு நெலமா?"

பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

பழைய கறுப்புக் கருவி. கனமான மணி. என் கை தானாக ரிசீவருக்குப் போயிற்று. செல்லம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ரப்பர் வெட்டிய கை, இரும்பு மாதிரி. இரண்டாவது ரிங். பிறகு நின்றது. பாக்குமரங்களில் ஏதோ ஒரு பறவை கத்திக்கொண்டிருந்ததும் கூடவே நின்றதாக எனக்குப் பட்டது. பயந்த காது அப்படித்தான் கேட்கும். எடுத்துப் பார்த்தேன். சாதாரண டயல் டோன்.

வெளியே பிஸ்வாஸ் கம்பத்தின் மேல், அதே வீட்டுக் கம்பியில் டெஸ்ட் போனை மாட்டிக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு ரிங் வந்தது என்று கீழிருந்து கேட்டேன்.

"ரிங்? கோன்சா ரிங், சாப்? லைன் மே குச் நஹீ ஆயா."

லைனில் ஒன்றும் வரவில்லை. அந்தக் கம்பி வழியாக வராத ரிங், அந்தக் கம்பியின் முனையில் இருந்த மணியை அடித்திருக்கிறது.

நான் படித்தவன். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஜாயின்ட்டைப் பிரிக்கச் சொன்னேன். ஓடைக்கரையில் ஊது விளக்கைப் பற்றவைத்து பிஸ்வாஸ் அதைப் பிரித்தார். அந்த மழைக்காலத்திலும் உள்ளே எலும்பு மாதிரி உலர்ந்திருந்தது. "பில்குல் சூக்கா" என்றார். திரும்ப மெழுகு ஊற்றி மூடினோம். ஊருக்குத் திரும்பியதும் ஹேடோவில் இறங்கி விசாரித்தேன். அந்தக் கப்பல் அன்று மதியம்தான் வந்து கட்டியிருந்தது.

இங்கே எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழுது ரிஜிஸ்டரில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அது காலியாக இருந்தால் புகார் மூடாது. மூடாத புகார் மாதாந்திர அறிக்கையில் ஏறும். ஏறினால் விளக்கம் கேட்பார்கள். விளக்கத்துக்கு விளக்கம் கேட்பார்கள். ஆகவே காரணம் தெரியாதபோது எழுதுவதற்கென்றே பரம்பரையாக ஒரு வாசகம் வைத்திருந்தோம்: 'கிராஸ் கனெக்‌ஷன். நீக்கப்பட்டது.' அதாவது யாரோ ஒருவருடைய கம்பி இன்னொருவருடையதோடு ஒட்டிக்கொண்டது, பிரித்துவிட்டோம். சௌல்தாரி லைன்கள் சௌல்தாரியின் சின்ன எக்ஸ்சேஞ்சில் முடிகிறவை. ஹேடோ லைன் எதுவும் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. ஒட்டிக்கொள்ள வழியில்லை என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. இருந்தும் எழுதினேன். அழகான கையெழுத்தில், தேதி போட்டு.

மூன்று மாதம் கழித்துச் செல்லம்மா பஸ் ஏறி அலுவலகத்துக்கு வந்தார்.

"தொரை, என்னமோ எழுதி மூடிட்டீங்களாமே."

"ரிங் வருதாம்மா இப்ப?"

"நீங்க வந்துட்டுப் போனதோட நின்னு போச்சு. கப்பல் ஆறு வாட்டி வந்திருச்சு. சேகரு ஜெட்டி வரைக்கும் போயிப் பாத்துட்டு வந்து சிரிக்கிறான்."

"பழுது சரியாயிடுச்சு. கம்ப்ளெயின்ட் குடுத்தது அதுக்குத்தானே?"

"கம்ப்ளெயின்ட் குடுத்தது அவன். போனு இவரு பேருல. இவரு குடுத்தாரா? நான் குடுத்தேனா? சம்பந்தமில்லாதவன் சொன்னான்னு எங்க வீட்டு ரிங்க அறுத்துட்டீங்க."

விதிப்படி அவர் சொன்னது சரி. சந்தாதாரரோ அவர் எழுதிக்கொடுத்த ஆளோதான் புகார் தரலாம். 

"முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியே திருப்பிப் போட்டுக் குடுங்க" என்றார்.

பழுதைச் சரிசெய்ய விதி உண்டு. பழுதைத் திருப்பித் தர விதி இல்லை. ஆனால் மனு வாங்க மாட்டேன் என்று சொல்லவும் விதி இல்லை. மனு எழுத அவருக்குத் தெரியாது. மகன் எழுதித் தர மாட்டான். ஆகவே என் வேலைக்கு எதிரான மனுவை என் மேஜையில், என் பேனாவால், நானே எழுதினேன். பொருள்: சரிசெய்யப்பட்ட பழுதை மீண்டும் ஏற்படுத்தித் தரக் கோருதல். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு டீ குடிக்க எழுந்து போனார். செல்லம்மா தன் பெயரின் ஐந்து எழுத்தையும் தனித்தனியாக நட்டுவைத்த மாதிரிக் கையெழுத்திட்டார்.

"எழுதினா வருமா தொரை?"

எழுதினதாலதானே நின்னுச்சு என்று சொல்ல வந்தேன். நாக்கு நுனிவரை வந்த அந்த வாக்கியம் என்னையே பயமுறுத்தியது. விழுங்கிவிட்டு, "மேல அனுப்புறேன்" என்றேன். நிராகரிக்க அதிகாரமில்லாத எதையும் மேலே அனுப்பலாம். மெயின்லாண்டில் இருந்த மேல் அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்போடு அனுப்பினேன். அதைப் படித்து அவர்கள் சிரித்திருப்பார்கள் என்று நினைத்தேன். பதில் வரவில்லை.

அந்த வருடக் கடைசியில் ஏழாண்டு முடிந்தது. சேகர் பிரமாணப் பத்திரத்தோடு வந்து நின்றான். செல்லம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "கடைசிச் சேதி எப்ப வந்துச்சு? தொரை ஜீப்புல வந்த அன்னைக்கு. அங்கேருந்து ஏழு எண்ணு." யார் சொல்லியும் அசையவில்லை. எங்கள் அலுவலகத்தில் எவனும் அவரளவுக்கு விதியைக் கடைப்பிடித்ததில்லை. சேகர் என்னிடம் வந்து கத்தினான். "நீங்க சரி பண்ணாம இருந்திருந்தா ரெண்டு நாள் அழுதுட்டு அதுவே கையெழுத்துப் போட்டிருக்கும் சார். இப்ப எனக்கு இன்னும் ஏழு வருஷம் தண்டனை!" அவன் கணக்கில் தர்க்கம் இல்லை. ஆத்திரத்துக்கு எதற்குத் தர்க்கம்?

வருடத்துக்கு ஒன்றாக நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்று கேட்காதீர்கள். நிலுவைக் கோப்பு நிலுவைக் கோப்புதான். நடுவில் நான் கார்நிக்கோபாருக்கு மாற்றலாகிப் போய், இரண்டு வருடம் கழித்துத் திரும்பினேன். சௌல்தாரிப் பக்கம் போகும் நாளில் செல்லம்மா வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன். கப்பல் வரும் நாட்களில் அவர் போன் பக்கத்திலேயே உட்கார்ந்து பாக்கு உரித்துக்கொண்டிருப்பார். ஒருமுறை, "மேலேருந்து சேதி உண்டா தொரை?" என்றார். இல்லை என்றேன். "கெடக்கட்டும். அவங்களுக்கு எத்தன வேலையோ" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

இரண்டாவது ஏழும் முடிந்தது. சேகருக்கு அதற்குள் கல்யாணமாகி இரண்டு பெண் குழந்தைகள். மார்ச் பதின்மூன்றாம் தேதி மாஜிஸ்திரேட் அலுவலகத்தில் செல்லம்மா கையெழுத்துப் போட வந்தார். சாட்சியாக என்னைத்தான் கூப்பிட்டிருந்தார். பேனாவை எடுத்தவர் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தொரை சொல்லட்டும். அன்னைக்குப் பெறகு ஒரு சேதியும் வரலதானே?"

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.  சேகர் குழந்தையின் வாயைப் பொத்தினான்.

"வரலம்மா" என்றேன்.

எழுத்துகளைப் பழையபடி ஒவ்வொன்றாக நட்டார். கீழே நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் தாலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அதுவரை அது கழுத்தில் இருந்ததை நான் கவனித்ததே இல்லை. ஒரு வாரத்தில் போனையும் ஒப்படைத்துவிட்டு, மகனோடு மெயின்லாண்ட் கப்பல் ஏறினார். வழியனுப்ப நான் ஹேடோ போகவில்லை. வேலை இருந்தது என்று எழுத எனக்கு ஆசைதான்.

இன்றைக்கு அந்தக் கப்பல் உடைத்து விற்றாகிவிட்டது. ஜெட்டி வாசல் போன் பூத் இருந்த இடத்தில் இளநீர்க்காரர் நிற்கிறார். சௌல்தாரி எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில் மரம் முளைத்திருக்கிறது. செம்புக் கம்பியைக் கிழித்து எடுத்து எடைக்குப் போட்டார்கள். கடலுக்கடியில் கண்ணாடி இழைக் கேபிள் வந்து, கைப்பேசியில் என் பேத்திகளின் முகம் தடங்கலில்லாமல் தெரிகிறது. இரண்டு ரிங்கில் வைத்துவிடும் வழக்கத்தை எடுத்துச் சொன்னால் இந்தக் காலத்தவர்களுக்குப் புரிவதில்லை. எடுத்துப் பேசினால்தான் என்ன என்கிறார்கள். பிஸ்வாஸ் காலமாகிவிட்டார். செல்லம்மா இருக்கிறாரா தெரியாது. விலாசம் வாங்கி வைக்கவில்லை.

ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்திலிருந்து நான் எடுத்து வந்த ஒரே தாள், விதிப்படி எடுத்திருக்கக் கூடாதது. மேல் அலுவலகத்துத் தலைப்பில், எங்கள் கோப்பு எண்ணைச் சரியாகக் குறிப்பிட்டு, இரண்டே வரி: 'மனுவில் கோரியபடி முன்பிருந்த நிலை மீண்டும் ஏற்படுத்தப்பட்டது. மனுதாரருக்குத் தெரிவிக்கவும்.' கையெழுத்து வாசிக்கும்படி இல்லை. போன் போட்டு விசாரித்தேன். அந்த எண்ணில் தாங்கள் எதுவும் அனுப்பவில்லை என்றார்கள். உறை ஈரமாக இருந்தது. அந்தமானில் எந்தத் தபால் உலர்ந்து வந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மனுதாரருக்குத் தெரிவிக்கவில்லை. என் சர்வீஸில் நான் நிறைவேற்றாமல் விட்ட உத்தரவு அது ஒன்றுதான். அப்போது அவர் சௌல்தாரி வீட்டில்தான் இருந்தார், போனும் இருந்தது. ஜீப்பில் போனால் முக்கால் மணி நேரம். தாளின் மூலையில் எங்கள் அலுவலகத்து வரவு முத்திரை இன்னும் மங்காமல் இருக்கிறது: அவர் கையெழுத்துப் போட்டதற்கு மறுநாள், மார்ச் பதினான்கு, முற்பகல்.